மெயின் ரோடு வரைக்கும் ஒரு நாற்காலி

மெயின் ரோட்டுத் தொழிற்சாலை கேண்டீனில் பெரிய அடுப்பு முழுக்கக் கேண்டீன் அக்கா பொறுப்பு. கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். பற்றவைத்த பிறகு கடவுளே வந்தாலும், "வரிசையில நில்லுங்க" என்பாள்.

அவள் வீட்டுக்காரர் டவுனில் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிறவர். ஒரு விபத்தில் கால் அடிபட்ட பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடை இல்லை. ஆனாலும் வேலையை விடவில்லை. பஸ் தெருவுக்குள்ளேயே வந்து வீட்டு வாசலில் அவரை ஏற்றிக்கொண்டு போகும். யார் தோளையும் பிடிக்காமல் போய்வருவதில் அவருக்கு ஒரு மிடுக்கு.

இப்போது மெயின் ரோடு நெடுக அடுக்குமாடிகள் முளைத்துவிட்டன. தெருவுக்குள் நுழைகிற பஸ், இரண்டு பக்கமும் நிற்கிற கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கும். அதனால் பஸ் ஆபீஸ்காரர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். பஸ் இனி தெருவுக்குள் வராது. மெயின் ரோட்டிலேயே நேராகப் போகும், புதுக் குடியிருப்புகள் வரைக்கும் நீளும், அடிக்கடியும் வரும்.

இதைப் பற்றித் தெருக்காரர்களிடம் கேட்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பக்கத்து வீட்டு ரேடியோ அக்கா கேண்டீன் அக்காவின் விலாவில் இடித்தாள். வாயை மூடவே மாட்டாள் என்பதால் வந்த பட்டம் அது.

"எந்திரிச்சு அழுடி. உன் வீட்டுக்காரர் காலைப் பத்திச் சொன்னா, பஸ் தானா உள்ள வரும்."

அவள் எழுந்தாள். அழவில்லை.

"பஸ் நேராவே போகட்டும்மா. அது தெருவுக்குள்ள வந்து மாட்டிக்கிறதால நானே தெனமும் லேட்டாப் போய்த் திட்டு வாங்குறேன். ஆனா என் வீட்டுக்காரர் மெயின் ரோடு வரைக்கும் தனியா நடந்து போயி ஏறணும். அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு பஸ்ஸை மாத்துங்க."

"போச்சு! புருஷனை வீட்டுல முடக்கிப் போட நீயே ஏற்பாடு பண்றியா?" என்றாள் ரேடியோ அக்கா.

பஸ் ஆபீசிலிருந்து வந்திருந்த இளம்பெண் யோசித்தாள். "வழியில பெஞ்சு போடலாம்க்கா. ஒரே மூச்சுல அவர் எவ்வளவு தூரம் நடப்பாரு?"

"அவரைக் கேட்டா உலகத்தையே சுத்தி வருவேன்னு சொல்லுவாரு. நடக்க வெச்சே பாத்துடலாம்."

விடுமுறை நாள் காலையில் நடந்தார்கள். கேண்டீன் அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் எங்கே களைத்து உட்காருகிறாரோ, அங்கே தரையில் ஆபீஸ் பெண் பெயிண்டால் குறி போடுவாள். பின்னாலேயே தெருவே வேடிக்கை பார்க்கத் திரண்டது. தப்பு நடந்தது அங்கேதான். இத்தனை கண்கள் பார்க்கும்போது எந்த ஆண்பிள்ளை உட்காருவான்?

அவர் நடந்தார். மருந்துக் கடையைத் தாண்டினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உட்காரவில்லை.

"சார் நல்லாத்தானே நடக்குறாரு? பெஞ்சு தேவைப்படாது போலிருக்கே" என்றாள் ஆபீஸ் பெண்.

கேண்டீன் அக்காவுக்குத் தன் ஆளைத் தெரியும். பெஞ்சு இல்லாவிட்டால், யாரும் பார்க்காத ஒரு நாளில் இந்த மனுஷன் நடுவழியில் விழுவார். அல்லது வேலையை விட்டுவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். 'கடவுளே, வீம்பை அள்ளிக் கொடுத்த கையால கொஞ்சம் புத்தியையும் கிள்ளிக் கொடுத்திருக்கக் கூடாதா?'

ஒரு மதில் நிழலில் நாற்காலியைப் போட்டாள். தானே உட்கார்ந்துகொண்டாள்.

"யப்பா! அடுப்படியில நின்னு நின்னு காலு விண்ணு விண்ணுனு தெறிக்குது. போறவங்க போங்க, என்னால ஆகாது."

ரேடியோ அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். வாய் ஓயாதவளே தவிர, விஷயம் புரியாதவள் இல்லை. "ஏன், உனக்கு மட்டும்தான் காலா? எனக்கும்தான் முட்டி செத்துப்போச்சு" என்று மதில் ஓரமாகச் சரிந்தாள். ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். ஆபீஸ் பெண்ணும் குந்திக்கொண்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தது அவர் ஒருவர்தான்.

"எந்திரி, எந்திரி. இதுங்களை எல்லாம் கூட்டிக்கிட்டு வந்ததுக்கு என்னைச் சொல்லணும்" என்று முணுமுணுத்தபடி நாற்காலியில் சாய்ந்தார். அவர் விட்ட மூச்சு எல்லோருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஆபீஸ் பெண் சத்தமில்லாமல் தரையில் குறி போட்டாள்.

அதற்கப்புறம் வெட்கம் விட்டுப்போயிற்று. சலூன் வாசலில் தானாகவே நாற்காலி கேட்டார். உட்கார்ந்து முடிவெட்டுகிறவரோடு ஊர்க்கதை பேச ஆரம்பித்தவர், எழுந்திருக்கக் காணோம்.

"கால் வலிக்குதா, வாய் வலிக்குதா?" என்றாள் மனைவி.

"இங்கயும் ஒண்ணு போட்டுக்கம்மா" என்றார் ஆபீஸ் பெண்ணிடம்.

பெஞ்சுகள் வந்தன, மேலே நிழலுக்குத் தகடும் வந்தது. பஸ் நேராக ஓடத் தொடங்கிய முதல் நாள், கேண்டீன் அக்காவின் கை கரண்டியில், மனசெல்லாம் தெருவில். கடவுள் பெயரைச் சொல்லியபடியே கிண்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"கடைக்கு வந்துட்டேன்."

"காலு?"

"பெஞ்சுல எடமே இல்லடி. புது அடுக்குமாடி ஆளுங்க ஒரு பட்டாளமே உக்காந்திருக்கு. நடுவுல உன் ரேடியோ!"

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? எனக்குக் கால் வலிக்குது, கொஞ்சம் நகருங்கன்னேன்."

'கால் வலிக்குது' என்று கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை. "நல்லாத்தான் கேட்டீங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.