என் பெயரில் ஒரு நோய்

அவாதிஃப் அக்கா ஒவ்வொரு முட்டையையும் விளக்கொளியில் உயர்த்திப் பார்ப்பார், காதருகே ஆட்டிப் பார்ப்பார், அப்புறம்தான் தட்டில் வைப்பார். அலெக்ஸாந்திரியாவில் எங்கள் தெருமுனைக் கடை அவருடையது. சொந்தச் சரக்கையே நம்பாதவர் அடுத்தவரையா நம்புவார்? கையெழுத்தைத் தவிர வேறு எழுத்து தெரியாதவர், மாத்திரை அட்டையின் தேதியை என்னைப் படிக்கச் சொல்வார். பிறகு வழியில் போகிறவரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

அக்காவின் மார்பில் ஊசி குத்திச் சதை எடுத்த பரிசோதனையின் முடிவை வாங்கிவந்த மகன் உஸாமா, வெறும் வீக்கம், சின்ன அறுவையில் போய்விடும் என்றான். அக்காவுக்கு இடித்தது.

"வெறும் வீக்கத்துக்கு மருமக எதுக்குடி சூப்பு வச்சு ஊட்டுறா? அவ எனக்குத் தண்ணிகூட மோந்து தந்ததில்ல."

கெட்ட நோய் என்றால் அதன் பெயரை இங்கே நோயாளியிடம் சொல்லமாட்டார்கள். உறவினரைத் தனியே அழைத்துத்தான் சொல்வார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு, எடுத்த சதையைப் பதித்துவைத்திருந்த மெழுகுத் துண்டை வாங்கிவிட்டார். அதில் எண் மட்டும்தான் இருந்தது. வேறொரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தபோது நோயாளி என்று என் பெயரைச் சொன்னார். தன் பெயரைச் சொன்னால் உஸாமா அங்கேயும் போன் போட்டு அவர்கள் வாயை அடைத்துவிடுவானாம்.

முடிவு வாங்கப் போனோம். மருத்துவர் அம்மாள் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அக்காவை மட்டும் உள்ளே அழைத்தார். வெளியே வந்தவரிடம் என்னவென்று கேட்டேன்.

"புற்றுநோயாம். உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முடிவுத் தாளை நீட்டி, வழக்கம்போல என்னைப் படிக்கச் சொன்னபோதுதான் நின்றது. பாவி, நான் சிரித்திருக்கக் கூடாது.

மறுநாள் அறுவை மருத்துவரிடம் என்னையும் இழுத்துப் போனார். சம்மதத் தாள் உஸாமாவின் முன்னால் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன்: மார்பை முழுதாக எடுப்பதாக எழுதியிருந்தது. அக்காவிடம் சொன்னேன். உஸாமா தலை குனிந்தான்.

வேறு வழியே இல்லையா என்று அக்கா கேட்டார். மருத்துவர் உஸாமாவைப் பார்த்தார்.

"அவனப் பாக்காதீங்க. நோவு எனக்கு. என்னப் பாத்துச் சொல்லுங்க."

கட்டி சிறியதுதான், அதை மட்டும் எடுத்துவிட்டு ஐந்து வாரம் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் அதேதான் என்றார் மருத்துவர். பிறகு மீண்டும் வந்துவிடுமோ என்ற பயம்தான் உஸாமாவுக்காம். அக்கா அதையே மூன்று விதமாகக் கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில்.

"அப்ப கட்டிய மட்டும் எடுங்க. கதிருக்கு நானே ட்ராம் ஏறி வந்துக்குறேன்."

மருத்துவர் வேறொரு தாளை எழுதி, பழக்கத்தில் உஸாமாவிடமே நீட்டினார். அவன் பேனாவைத் திறந்தான். அக்கா அவன் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு, பேனாவை அவன் விரல்களிலிருந்து உருவிக்கொண்டார்.