அத்தை கட்டிய மெஷின் பந்தயம்

மயூர் விஹாரில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டின் பின்பக்கத்துப் பால்கனியில் துணி காயப்போட வழியே கிடையாது. அது முழுக்க அத்தையின் மெஷின்கள். எல்லாம் மரம் அறுக்கும் மெஷின்கள், பெட்ரோலில் ஓடுபவை. பாதிக்கு மேல் அவள் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டவை. இப்போது கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உடம்புக்காரர்களை அத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்கிற, முழுக்க உலோகமான பழைய பூதங்கள்தான் அவளுக்கு வேண்டும். குளிர்காலத்தில் அவற்றுக்குப் பழைய போர்வை சுற்றி வைத்திருப்பாள். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால், யாரோ ஏழெட்டுப் பேர் பால்கனியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

அத்தை அப்பாவின் தங்கை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மத்திய அரசு வேலை கிடைத்து டெல்லிக்கு வந்து, எங்களோடு தங்கியவள். கல்யாணம் ஆகவில்லை. வரன்கள் வராமல் இல்லை. வருகிறவர்களிடம் அத்தை முதல் வேலையாக மெஷின் விஷயத்தைச் சொல்லிவிடுவாள். அவர்களும் காபியைக் குடித்துவிட்டுப் போய், ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்லி அனுப்புவார்கள்.

"அதை மட்டும் சொல்லாம இருந்தா என்ன?" என்பார் அப்பா.

"நாளைக்குப் பால்கனிக் கதவத் திறந்தாத் தெரியத்தானண்ணே போகுது" என்பாள் அத்தை.

இத்தனை மெஷின் வைத்திருந்தும் அவள் ஒரு மரத்தையும் அறுத்ததில்லை. டெல்லியில் நின்றுகொண்டிருக்கும் மரத்தில் கிளையை வெட்டவே அனுமதி வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மெஷினைக் கீழே தூக்கிக்கொண்டு போய், பின்னாலிருந்த காலி இடத்தில் வைத்து, ஒரு காலால் கைப்பிடியை மிதித்துக்கொண்டு கயிற்றைச் சுண்டி இழுப்பாள். முதலில் இருமும். பிறகு தும்மும். அப்புறம் ஒரு கர்ஜனை கிளம்பும் பாருங்கள், நாலு பிளாக்கிலும் ஜன்னல்கள் படபடவென்று மூடிக்கொள்ளும். நான் மட்டும் குதிப்பேன். வாணவேடிக்கை பார்க்கிற குழந்தைகளுக்குக்கூட அத்தனை சந்தோஷம் இருந்திருக்காது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஒரு சனிக்கிழமை அத்தை என்னை மாயாபுரிக்கு அழைத்துப் போனாள். பழைய இரும்புக் கடைகள் தெருத்தெருவாக இருக்கும் இடம் அது. அவளுக்குப் பழக்கமான கடைக்காரர் போன் செய்து, மலைப்பக்கத்து மர டிப்போ ஒன்றிலிருந்து பழைய மெஷின் வந்திருப்பதாகச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் ஒன்றல்ல, இரண்டு. அச்சு அசலாக ஒரே மாதிரி இரட்டைப் பிறவிகள், இரண்டுமே ஓடாதவை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவற்றைத் தடவிக்கொண்டிருந்தார் ஒரு மனிதர். உயரமாக, முடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார் அவர் ஹிந்தியில். எனக்குத்தான் போன் வந்தது என்றாள் அத்தை, அவளும் ஹிந்தியில். ஒன்று ஓட வேண்டுமானால் மற்றதைப் பிரித்துப் பாகம் எடுத்தால்தான் ஆகும், அதனால் இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். கடைக்காரர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையை ஆட்டினார். சண்டை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அத்தை என்னைப் பார்த்து, "இந்த ஆளு கிறுக்கன் மாதிரி பேசுதானே, ஏட்டி!" என்றாள்.

அந்த மனிதர் நிமிர்ந்தார். "ஏனுங்க, நீங்க தமிழுங்களா?"

அத்தையின் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். விமானப் படையில் இன்ஜின் வேலை பார்த்துவிட்டு, சீக்கிரமே வெளியே வந்து, நஜஃப்கட்டில் ஜெனரேட்டர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். அவரிடமும் பழைய மெஷின்கள் இருந்தன. அதற்குப் பிறகு சண்டை தமிழில் நடந்தது. தமிழில் என்பதாலோ என்னவோ, கொஞ்சம் இறங்கியும் வந்தது. கடைசியில் அத்தைதான் சொன்னாள்: "ஆளுக்கு ஒண்ணு கொண்டு போவோம். ஒரு மாசம் கழிச்சு உங்க இடத்துலயே ஓட்டிப் பாப்போம். யாரு மெஷின் முதல்ல கட்டையை அறுத்துத் தள்ளுதோ, ரெண்டும் அவங்களுக்கு."

"சரிங்க. அப்புறம் பேச்சு மாறக் கூடாதுங்க" என்றார் அவர்.

"நான் மாறமாட்டேன். நீங்க மாறாம இருங்க."

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது நான் நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தேன். அம்மாவுக்கு அதுவரை மெஷின் என்றாலே ஆகாது. அன்றைக்கு அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்த ஊராம்? என்ன வயசிருக்கும்? வீட்டுல வேற யாரு இருக்காங்களாம்? அம்மாவுக்கும் கடைசியில் இதில் ஆர்வம் வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மெஷினின் செயின் எவ்வளவு நீளம் என்றும் நானாகச் சொன்னேன். அதை அவள் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை.

அடுத்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் பெட்ரோல் வாசம் போகவே இல்லை. அலுவலகம் விட்டு வந்ததும் அத்தை பால்கனியில் உட்கார்ந்துவிடுவாள். கார்புரேட்டரைக் கழற்றினாள், மண்ணைத் தட்டினாள், துருவைச் சுரண்டினாள், உடைந்த ஸ்பிரிங்குக்கு வேறு ஸ்பிரிங் தேடி கரோல் பாக் வரை போய்வந்தாள். ஒரு சாயங்காலம் "பிள்ளே, லைட்டை அணை!" என்று கத்தினாள். அணைத்தேன். கயிற்றை இழுத்தாள். பிளக்கின் முனையில் நீலமாக ஒரு பொறி துள்ளியது. "பாத்தியா! பாத்தியா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். என் சட்டை முழுக்கக் கிரீஸ். நாங்கள் இருவரும் போட்ட கூச்சலில் அப்பா குக்கர் வெடித்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்.

பந்தயத்துக்கு அத்தை தனியாகப் போவதை அப்பா விரும்பவில்லை. "பாப்பாவும் கூடப் போகட்டுமே" என்றாள் அம்மா. அதோடு, அத்தையை வெளுத்துப்போன குர்தாவை மாற்றிவிட்டுப் பச்சைக் குர்தாவைப் போடச் சொன்னாள். மரம் அறுக்கப் போகிறவளுக்கு எதற்கு நல்ல குர்தா? எனக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் அம்மாவுக்குத் தெரியவில்லை. அத்தையும் வாய் பேசாமல் மாற்றிக்கொண்டதுதான் ஆச்சரியம்.

டாங்கிலிருந்த பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட்டு, மெஷினை ஒரு பெரிய பையில் போட்டு மெட்ரோ ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனோம். பை எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது. திரையில் சுறா மீன் பல் மாதிரி வரிசையாகப் பற்கள் தெரிந்தன. காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் எழுந்தே விட்டார்.

"மேடம், யே க்யா ஹை?"

"ஆரி ஹை, பையா" என்றாள் அத்தை, ஏதோ கத்தரிக்காய் கொண்டுபோகிறவள்போல. ஆரி என்றால் ரம்பம்தானே.

அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி மெஷினை வெளியே எடுக்கச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்து, அருமையான சாமான் என்று பாராட்டினார். பாராட்டிவிட்டு, எங்களை வெளியே அனுப்பிவிட்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் தோற்றதாக ஆகிவிடாதா? நான் அழும் நிலைக்கு வந்துவிட்டேன். அத்தை நடுரோட்டில் இறங்கி ஒரு ஆட்டோவை மறித்தாள். "நஜஃப்கட். ஜல்தி!"

ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஆட்டோவில் போனோம். மெஷின் என் காலடியில். ஒவ்வொரு பள்ளத்திலும் அது என் முட்டியில் முட்டியது. எதற்காகப் போகிறோம் என்று தெரிந்ததும் ஆட்டோக்காரருக்கும் எங்களைவிட வேகம் பிடித்துக்கொண்டது. இறக்கிவிட்டு அவர் திரும்பிப் போகவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, நடுவராக இருக்கிறேன் என்று அவரே அறிவித்துக்கொண்டார்.

பட்டறைக்குப் பின்னால் விரிந்த இடம். மர டிப்போவிலிருந்து வாங்கிய யூகலிப்டஸ் கட்டை ஒன்று, என் இடுப்பளவு பருமன், இரண்டு தாங்கிகள்மேல் கிடந்தது. ஏர்ஃபோர்ஸ்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தார். என் காதில் பஞ்சு வைத்துவிட்டு, சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து, "இதைத் தாண்டி வரக் கூடாது, கண்ணு" என்றார். எதிரிதான் என்றாலும் மரியாதையான எதிரி.

பட்டறையிலிருந்த பெட்ரோலை இரண்டு டாங்கிலும் ஊற்றினார்கள். கட்டையின் ஒரு முனையில் அத்தை, மறுமுனையில் அவர். ஆட்டோக்காரர் கையை உயர்த்தி, "ஏக், தோ, தீன்!" என்றார்.

இருவரும் கயிற்றை இழுத்தார்கள். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தார்கள். அவருடைய மெஷின் ஒரு தடவை உறுமியது. ஆனால் உறுமல் அப்படியே அடங்கிப்போனது. அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு சோக்கைப் பாதி திறந்தாள். காலை அழுத்தி ஊன்றினாள். ஒரே இழுப்பு!

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? பஞ்சையும் தாண்டி என் பல்லுக்குள் கேட்டது. நீலப் புகை சுருண்டு எழுந்தது. பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருந்த கிளிகள் மொத்தமாகப் பறந்தன. அத்தை மெஷினைத் தூக்கிக் கட்டைமேல் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், மரத்தூள் வெள்ளையாகப் பீய்ச்சிக்கொண்டு வந்து பச்சைக் குர்தாவை மூடியது. செயினுக்கு எண்ணெய் விடும் பித்தானைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தி, உடம்பு முழுக்க அதிர அவள் இறக்கிக்கொண்டே போனாள். தட்டுப்போல ஒரு வட்டத் துண்டு தொப்பென்று தரையில் விழுந்தது. யூகலிப்டஸ் வாசம் மூக்கில் ஏறியது. நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஆட்டோக்காரர் விசிலடித்தார்.

ஜெயித்துவிட்டோம். இரண்டு மெஷினும் எங்களுக்கு!

அத்தை மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உள்ள பெட்ரோல் ரொம்ப ஏறி முட்டிப் போச்சு. இனி இழுத்தா வராது. பிளக்கக் கழத்துங்க" என்றாள்.

"நீங்கதான் ஜெயிச்சுட்டீங்களே. எடுத்துட்டுப் போங்க."

"ஓடாத மெஷினை வச்சு நான் என்ன செய்ய? கழத்துங்க, சொல்லுதேன்."

இருவரும் மெஷினின் இரண்டு பக்கமும் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். அத்தை பிளக்கைத் தன் துப்பட்டா நுனியால் துடைத்தாள், நல்ல துப்பட்டா அது. அவர் கயிற்றை இழுத்து உள்ளேயிருந்த பெட்ரோலை வெளியே தள்ளினார். பிளக்கை மாட்டி இழுத்ததும் இரண்டாவது மெஷினும் அலறிக்கொண்டு எழுந்தது. பிறகு இரண்டு மெஷினையும் ஒன்றாக ஓட்டினார்கள். அவர் ஒரு முனையிலிருந்தும் இவள் ஒரு முனையிலிருந்தும் அறுத்துக்கொண்டே வந்தார்கள். கட்டை கரைந்துகொண்டே போனது. இருவருடைய தலையிலும் புருவத்திலும் மரத்தூள். பேசினால் கேட்காது என்பதால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கோ பொறுக்கவில்லை. தோற்றவரோடு என்ன சிரிப்பு?

அதைவிடக் கொடுமை கிளம்பும்போது நடந்தது. அத்தை வெறும் பையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, மெஷின்?"

"இங்கயே இருக்கட்டும், பிள்ளே. மெட்ரோவுல விடமாட்டாங்கல்லா."

"அப்ப ஆட்டோ? வரும்போது ஆட்டோலதானே வந்தோம்?"

அத்தை பையை இன்னும் சின்னதாக மடித்தாள். ஏர்ஃபோர்ஸ்காரர் இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே தார்ப்பாய்க்குள் மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை குளிக்கப் போனாள். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். நான் பொங்கிப் பொங்கிச் சொன்னேன். நாங்கள் ஜெயித்ததை, அத்தை பேச்சு மாறியதை, எதிரியின் மெஷினை அவளே சரி செய்து கொடுத்ததை, ஒரு மாதம் பாடுபட்ட எங்கள் மெஷினையும் அங்கேயே விட்டுவிட்டு வந்ததை.

"விட்டுட்டா வந்தா?" அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அவளாவா விட்டுட்டு வந்தா?"

"ஆமா! அவளேதான்!"

அம்மா அப்பாவிடம் ஓடினாள். தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அப்பா என்னையும் ஒரு தடவை கூப்பிட்டு, மெஷினை விட்டுவிட்டு வந்தது நிஜம்தானா என்று கேட்டுக்கொண்டார். பிறகு ஊரிலிருந்த பெரியப்பாவுக்குப் போன் போட்டார். "அண்ணே, நம்ம தங்கச்சிக்கு நல்ல இடமா ஒண்ணு வந்திருக்கு போலுக்கு" என்றார். அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அம்மா வாணலியில் நெய் ஊற்றி ரவையை வறுக்கத் தொடங்கினாள்.

நல்ல இடம்தான், நான் மறுக்கவில்லை. அவ்வளவு பெரிய கட்டையைப் போட்டு அறுக்கத் தோதான, விசாலமான இடம். அதை ஊருக்குப் போன் போட்டுச் சொல்லும் அப்பா, பறிகொடுத்த மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்த அத்தையும் பேசவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து, சுடச்சுடக் கேசரியை என் கையில் கொடுத்தார்கள். ஜெயித்துவிட்டுத் தோற்று வந்த நாளில் எதற்குக் கேசரி கிண்டுகிறார்கள் என்று அழுதுகொண்டே, இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.