இன்னொருவனின் காறை எலும்பு

கொளஞ்சிக்கு முப்பத்திரண்டு வயதில் காசநோய் என்று சொன்னார்கள். அதுவரை அவன் காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரின் சாரம் பகுதியில் வாடகை வீடு, மில்லில் தறி வேலை, மனைவி வீராயி, நான்கு வயதில் சின்னப்பாப்பா என்று ஒரு மகள். தறிக்கூடத்தின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. ஆனால் தன் நான்கு தறிகளில் எது தப்பாக ஓடுகிறது என்பதைக் கொளஞ்சி திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவான். நூலோடு குறுக்கே ஓடும் நாடா போய் இடிக்கும் சத்தம் கொஞ்சம் மாறினாலும் அவன் கை தானாகப் போய்த் தறியை நிறுத்தும். கோபக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தான். மேஸ்திரி யாரையாவது கேவலமாகப் பேசினால், பேச்சு வாங்கியவன் பேசாமல் நிற்பான், கொளஞ்சி சண்டைக்குப் போவான்.

1957இல் தறிக்கூடத்து ஆட்கள் எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்று மில் டாக்டர் கிருஷ்ணசாமி சொன்னார். பஞ்சுத் தூசியால் நோய் வருகிறதா என்று பார்க்கவாம். ஊர் நடுவே ஓடும் கால்வாய்க்குக் கிழக்கே அவருடைய சொந்த கிளினிக்கில் எக்ஸ்ரே இயந்திரம் இருந்தது. கொளஞ்சி போன அன்று காலை, அந்த அறையிலிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டபடி வடிவேல் வெளியே வந்தான். மில் பெரிய குமாஸ்தா நாராயணசாமியின் ஒரே மகன். மார்செய் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. கப்பல் ஏற டாக்டர் சான்று வேண்டியிருந்தது. கொளஞ்சியைப் பார்த்து, "இன்னாண்ணே, நீயும் பிரான்சுக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

பத்து நாளில் வடிவேல் கப்பல் ஏறினான். அதே வாரம் கொளஞ்சியைக் கூப்பிட்டு, அவனுக்கு டி.பி. முற்றியிருக்கிறது, இனிமேல் தறிக்கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். இருமல் இல்லை, சளி இல்லை, நான் எப்படி நோயாளி என்று அவன் கேட்டான். கிருஷ்ணசாமி ஒரு படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கறுப்பும் வெளுப்புமாக ஏதோ தெரிந்தது. ஓரத்தில் வெள்ளை மையில் அவன் பெயர் இருந்தது. தன் பெயரைப் படிக்கத் தெரிந்தவனுக்கு நெஞ்சைப் படிக்கத் தெரியவில்லை. ஒத்துக்கொண்டான்.

ஊருக்கு வெளியே இருந்த காசநோய் வார்டில் இருபது மாதம் கிடந்தான். தினம் ஊசி. மூன்றாம் மாதம் காதுக்குள் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம் தொடங்கியது. பிறகு எழுந்து நின்றால் தரை சரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கக்கூசுக்குப் போனான். வாரம் ஒரு தடவை வார்டைப் பார்க்க வந்த கிருஷ்ணசாமியிடம் சொன்னான். நோய் இறங்கும்போது அப்படித்தான் இருக்கும், ஊசியை நிறுத்தினால் செத்துப்போவாய் என்றார் அவர். இடது காது முழுசாகப் போனது. வலது காதில், ஒட்டி வந்து பேசினால் பாதி விழுந்தது.

வீட்டுப் பக்கம் வேறு மாதிரி நடந்தது. குழாயடியில் வீராயியின் குடத்தைக் கண்டால் மற்றவர்கள் தங்கள் குடத்தை இழுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். வில்லியனூர்ப் பக்கம் அம்மா வீட்டுக்கு மகளோடு போய், அங்கே நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போனாள். மாதம் ஒரு முறை சின்னப்பாப்பாவை அழைத்து வருவாள். வார்டு ஆயா குழந்தையை வேலிக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவாள். கொளஞ்சி இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டுவான். ஒருமுறை குழந்தை அவனைக் காட்டி, அது யார் என்று வீராயியிடம் கேட்டது. கேட்டது அவன் காதில் விழவில்லை. வாய் அசைந்ததில் தெரிந்தது.

1959இல் சென்னையிலிருந்து அமிர்தவல்லி என்ற இளம் டாக்டர் வார்டுக்கு வந்தார். எல்லோருக்கும் புதுப் படம் எடுத்தார். கொளஞ்சியின் புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், அவனைத் தனியாகக் கூப்பிட்டு, வலது காதருகே குனிந்தார்.

"உங்களுக்கு எப்பவாவது இடது தோள்கிட்ட காறை எலும்பு ஒடைஞ்சிருக்கா?"

இல்லை என்றான்.

"பழைய படத்துல இருக்கிற ஆளுக்கு ஒடைஞ்சி கூடியிருக்கு. புதுப் படத்துல அது இல்ல. அந்த நெஞ்சு உங்களோடது இல்ல. உங்களுக்கு இந்த நோய் வந்ததே கிடையாது."

காறை எலும்பு உடைந்த ஆளைக் கொளஞ்சிக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் மில் வாசலில் சைக்கிளோடு மாட்டுவண்டியில் மோதி விழுந்த வடிவேலைத் தூக்கி ரிக்‌ஷாவில் போட்டதே அவன்தான்.

குணமாகிவிட்டது என்று எழுதி அவனை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லி அமிர்தவல்லிக்கு மேலிருந்து யோசனை வந்தது. அப்படி எழுதினால் யாருக்கும் சங்கடமில்லை. அவர் எழுதவில்லை. நோய் இருந்ததே இல்லை, ஊசியால் காது போயிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதமே அவரைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள்.

கொளஞ்சி அந்தக் காகிதத்தோடு நேராகக் கிருஷ்ணசாமியின் கிளினிக்குக்குப் போனான். வெளி வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். உள்ளே போய் மேசையில் காகிதத்தை வைத்தான். டாக்டர் படித்தார், கதவைப் பார்த்தார், மெல்ல ஏதோ சொன்னார்.

"கேக்கல," என்றான் கொளஞ்சி. "சத்தமா சொல்லுங்க."

டாக்டர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"இன்னும் கேக்கல. இந்தக் காதை நீங்கதான் எடுத்தீங்க. கத்தித்தான் சொல்லணும்."

அவர் எழுந்து கதவைச் சாத்தப் போனார். கொளஞ்சி திறந்த கதவில் சாய்ந்து நின்றுகொண்டான். அடிக்கவில்லை. அடித்தால் தறிக்காரன் டாக்டரை அடித்தான் என்றுதான் ஊர் பேசும் என்று பிறகு வீராயியிடம் சொன்னான். கடைசியில் கிருஷ்ணசாமி கத்தினார்.

"படம் மாறிப்போச்சுப்பா. நாராயணசாமி கேட்டுக்கிட்டாரு. ஒரே பையன், வாழ்க்கை போயிடும்னு அழுதாரு. ஒன் படத்த அவன் பேர்ல வெச்சேன், அவன் படம் ஒன் பேர்ல போச்சு. நீ ஒடம்பு கெட்டியான ஆளு, ஒரு வருஷம் சும்மா படுத்திருந்துட்டு வந்துடுவேன்னு நெனைச்சேன்."

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

"அந்தப் பையன்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டான் கொளஞ்சி.

டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லித்தான் வடிவேலைக் கப்பல் ஏற்றியிருந்தார்கள்.

அன்று மாலை வில்லியனூர் போய் வீராயியிடம் இதைச் சொன்னபோது, வடிவேலுக்குக் கடிதம் போட வேண்டாமா என்று அவள் கேட்டாள். கொளஞ்சிக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் அப்பன் எழுதட்டும் என்றான். என் காதை எடுத்துக்கொண்டு போனவன் எப்படிப் போனால் எனக்கென்ன என்றான்.

வீராயி அவன் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு மட்டும் ஆத்திரம் இல்லியா? நம்ம பொண்ணு ஒன்ன யாருன்னு கேட்டுச்சி. ஆனா ஒன் ஒடம்பப் பத்தி ஒனக்கே சொல்லாம வெச்சாங்கன்னுதான நீ இந்தக் குதி குதிக்கிற. இப்ப தெரிஞ்சும் நீ வாய மூடிக்கினா, அந்த டாக்டர் செஞ்சதத்தான நீயும் செய்யிற."

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு தபால் ஆபீஸ் வாசலில் பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் போய், வடிவேலின் மார்செய் அலுவலகத்துக்கு, அங்கே டாக்டரிடம் காட்டப் பிரெஞ்சிலேயே நான்கு வரி எழுதச் சொன்னான். உன் நெஞ்சில் நோய் இருக்கிறது. உன் அப்பாவும் டாக்டரும் மறைத்தார்கள். உன் படத்தை என் பெயரில் வைத்து எனக்கு ஊசி போட்டார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நலம் விசாரிக்கும் வரி ஒன்று சேர்க்கலாமா என்று எழுதுபவர் கேட்டார். வேண்டாம் என்றான்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. வடிவேல் அங்கே ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில்தான் இருந்தான். கூட இருந்த அவன் மனைவிக்கும் தொற்றியிருந்தது. தனக்கு எதுவுமே தெரியாது என்று எழுதியிருந்தான். அங்கே எடுத்த தன் நெஞ்சுப் படமும், நோய் தனக்குத்தான் என்று சொல்லும் கையெழுத்திட்ட வாக்குமூலமும் உள்ளே இருந்தன. படத்தில் காறை எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. இனி அப்பாவுக்குக் கடிதம் போடப் போவதில்லை என்பது கடைசி வரி.

அதற்குப் பிறகுதான் மில் அசைந்தது. கொளஞ்சியை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். தறிக்கு இல்லை. நாடாவின் சத்தம் கேட்காதவனிடம் தறியை விட முடியாது. பஞ்சுக் கிடங்கில் பொதி உருட்டும் வேலை. கிருஷ்ணசாமி உடல்நிலை சரியில்லை என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போனார். எங்கே போனார் என்று மில்லில் யாரும் சொல்லவில்லை. நாராயணசாமி ஒரு நாள் கிடங்குக்கு வந்து, தன்மேல் வருத்தமில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கக் கேட்டார். அதை மகனுக்கு அனுப்ப வேண்டுமாம். கண்ணில் தண்ணீர் நின்றது. கொளஞ்சி பொதியை உருட்டுவதை நிறுத்தவில்லை.

"வருத்தம் இருக்கு," என்றான். "இருக்குன்னு வேணும்னா எழுதித் தரேன்."

சின்னப்பாப்பா எட்டு வயதில் சாரத்துக்குத் திரும்பி வந்தாள். முதலில் அவன் தட்டில் இருந்து சாப்பிடப் பயந்தாள். சில மாதங்களில் பயம் போயிற்று. அவனிடம் பேச வேண்டுமென்றால் அவன் வலது தோளைத் தட்டிவிட்டுக் காதோடு வாயை வைக்கப் பழகிக்கொண்டாள்.

டாக்டர்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி அவன் மனு கொடுத்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும், பிரெஞ்சுக்காரர் விட்டுப் போனாலும் இந்த ஊர் சட்டப்படி முழுசாக இந்தியாவோடு சேரும் வரை எந்தச் சட்டப்படி விசாரிப்பது என்று தெரியவில்லை என்று பதில் வந்தது. 1962 ஆகஸ்டில் அந்தச் சேர்க்கையும் முடிந்தது. தெருவெல்லாம் தோரணம் கட்டியிருந்தார்கள். கொளஞ்சி மறுநாளே மனுவோடு போய் நின்றான். மேசையில் இருந்தவர் நல்ல மனிதர்தான். பொறுமையாகப் படித்துவிட்டு, அவன் காதுக்குக் கேட்கும்படி எழுந்து வந்து சொன்னார், இது இடைக்காலத்தில் நடந்த விஷயம், இப்போது அரசாங்கமே வேறு, புதிதாக எழுதிக் கொடுங்கள் என்று.

கொளஞ்சி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, பேனா இரவல் வாங்கி, முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினான்.