மேடு தேடியவர்

அடையாறு பூங்காவில் தினமும் காலையில் அவரைப் பார்ப்பேன், பெயர் கேட்டதில்லை. நரைத்த மீசை, முழுக்கைச் சட்டை, மலையேறுகிறவர்கள் கட்டும் பெரிய வாட்ச். பத்தடிக்கு ஒருமுறை நின்று அதைத் தட்டுவார். தெருக்களின் மேடு பள்ளத்தைக் கோடுகளாகக் காட்டும் வரைபடம் அதில் இருந்தது.

"எந்த மலைக்கு சார்?" என்றேன்.

"மலையா? போன மழையில என் காரு முழுகிப்போச்சு. மழை வந்தா மேம்பாலத்துல காரை நிறுத்த எல்லாரும் முந்திக்கிறாங்க. அதான் இப்பவே மேடா ஒரு இடம் பாத்து வெக்கறேன்."

அவசரமாக என் தெருவைச் சொன்னேன். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்து வாட்சை மூடிக்கொண்டு, "வாங்க, காபி சாப்பிடலாம்" என்றார். அதற்குமுன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

இன்று வானம் கறுத்திருக்கிறது. பூங்காவில் அவரைக் காணவில்லை. வீட்டுக்கு வந்து பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.