கடற்கரைப் பெண்ணும் பாகூர் மாடுகளும்

கறவை மாடு வைத்திருப்பவர்களைக் கூட்டத்தில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம்: எவ்வளவு பெரிய விருந்தானாலும் மத்தியானம் மூன்று மணிக்குச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் வீட்டிலும் மாடோ ஆடோ இருந்தால் மேலே படியுங்கள். நம் பாடு நமக்குத்தானே தெரியும்!

உப்பு

நான் வீராம்பட்டினத்துப் பெண். வாலைப் பார்த்தே மீனுக்குப் பேர் சொல்வேன். ஆனால் பாகூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, மாட்டுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பது என்றுகூடத் தெரியாது. செவலை என்கிற மாடு என்னைக் கண்டாலே காலைத் தூக்கியது. பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் பால் வாளியை உதைத்துக் கொட்டியதும், தொழுவத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அம்மா வீட்டு ஞாபகம் வேறு.

கண்ணைத் துடைத்த என் கையைச் செவலை மோந்து பார்த்தது. பிறகு முழங்கை வரைக்கும் சொரசொரவென்று நக்க ஆரம்பித்தது. வைக்கோலோடு வந்த என் வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தார். "கையில உப்பு இருக்குதுன்னு கண்டுபுடிச்சிடுச்சு. இனிமே உன்ன வுடாது பாரு."

நைட்டி

விடவும் இல்லை. என்னைத் தவிர யார் தொட்டாலும் பாலை அடக்கிக்கொள்ளும். ஒரு முறை எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்து, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுக்க வைத்துவிட்டார்கள். இங்கே செவலை சொட்டுப் பால் விடவில்லை. மடி கல்லாகக் கட்டிக்கொண்டது. மடிநோய் வந்துவிடுமோ என்று இவருக்குப் பயம். கடைசியில் என் பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் என் துண்டையும் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். செவலை மோந்து பார்த்துவிட்டு, சமர்த்தாக நின்று பாலை இறக்கியது.

அந்த நேரம் பார்த்து, தினமும் அரை லிட்டர் வாங்குகிற ரிட்டயர்டு வாத்தியார் சொம்போடு வந்திருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் கண் மங்கல். அவர் கேட்டதை இவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னபோது, சிரித்துச் சிரித்து எனக்குத் தையல் வலித்தது. "வந்துட்டியாம்மா? ஒடம்பு தேவலையா? நீ இல்லாம ரெண்டு நாளா உன் வூட்டுக்காரன் மொகத்தப் பாக்க முடியல."

மடியில் ஒருத்தி

செம்மறி ஒன்று இரட்டைக் குட்டி போட்டது. ஒன்றை நக்கிக் கொடுத்தது, இன்னொன்றை முட்டித் தள்ளிவிட்டது. தள்ளிவிட்டதை என் மகள் கவிதா பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தாள். அவள் காலேஜுக்குப் பரீட்சை எழுதப் போன அன்று பார்த்து, குட்டிக்கு வயிறு உப்பித் தலை தொங்கிவிட்டது. (பிழைத்துவிட்டது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீங்களும் என்னைப் போலக் கவலைப்படுகிற ஆள்தானே.)

கவிதாவின் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். "இதுக்கும் டிக்கெட் போட்டுடுங்கண்ணா, எறக்கி மட்டும் வுட்டுடாதீங்க" என்றேன். கண்டக்டர் துப்பட்டாவை விலக்கி, குட்டியின் காதைத் தொட்டுப் பார்த்தார். "மடியில ஒக்கார்ற கொழந்தைக்கு டிக்கெட் கெடையாதுக்கா. மாட்டாஸ்பத்திரி வாசல்லயே நிறுத்தச் சொல்றேன்."

புது வீடு

ஒரு அடைமழையில் ஏரி வழிந்து, விடிகிற நேரத்தில் தொழுவத்துக்குள் முழங்கால் தண்ணீர். கவிதா ஆடுகளை ஓட்டிக்கொண்டு முன்னால் போனாள். நானும் இவரும் செவலையின் பேத்தி கருப்பியைப் பிடித்துக்கொண்டோம். அதற்கு நிறைமாதம். ரோடு ஏறுவதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. பக்கத்தில் மேடான இடம் என்றால், மளிகைக் கடைக்காரர் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீடு ஒன்றுதான். கதவு வைக்கவில்லை, ஆனால் பளபளவென்று டைல்ஸ் போட்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஏற்றிவிட்டோம்.

சிறிது நேரத்தில் அவரே குடையோடு வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று, "அண்ணே, தரைய நானே கழுவி வுட்டுர்றேன்" என்றேன். அவரோ, மாட்டுக்குக் கால் வழுக்காமல் இருக்கக் கிடந்த சாக்கையெல்லாம் இழுத்து விரித்தார். கன்றின் முன்னங்கால் மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டது. கருப்பி முக்குகிற போதெல்லாம் இவரும் அவரும் சேர்ந்து மெல்ல இழுத்தார்கள். வெளியே வந்த கன்று அசையவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்து, வாயில் விரலை விட்டுச் சளியை எடுத்து, ஒரு வைக்கோலை மூக்குக்குள் விட்டேன். மூன்றாம் தடவை தும்மியது பாருங்கள், எனக்கு உயிர் வந்தது!

கருப்பி கன்றை நக்க நக்க, கடைக்காரர் நனைந்த சட்டையோடு தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அடுத்த மாசம் கிரகப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்னும் யார்கிட்ட கேக்கறதுன்னு யோசிச்சிக்கினு இருந்தேம்மா. நீங்களே இட்டாந்துட்டீங்க!"

இத்தனைக்கும், என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இவர் வீட்டில் சொன்னது: "பெருசா வேலைன்னு ஒண்ணும் இல்லம்மா, நாலு மாடு, பத்து ஆடு, அவ்ளோதான்."