படகுத்துறையில் ஒரு தாழ்ப்பாள்

புத்தூருக்குக் கிழக்கே, தடுப்பணையில் தண்ணீர் தேங்கி நிற்கும் ஆற்றங்கரைப் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவள் காஞ்சனா. லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது, பெடல் படகை இழுத்துக் கட்டுவது, கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது எல்லாம் அவள்தான். நேராகக் கேட்டுக் கிடைக்காததைச் சுற்றி வளைத்து வாங்கிவிடுவாள். ஓட்டைப் படகை மாற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் பஞ்சாயத்துத் தலைவரையே மரியாதையாக அதில் ஏற்றி அனுப்பினாள். அவர் இடுப்புவரை நனைந்து திரும்பினார். புதுப் படகு தானாக வந்தது.

போன வருஷம் படகுத்துறையைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. திருப்பதியிலிருந்து வந்த காண்ட்ராக்டர் சுரேஷ்பாபு பெரிய பேனர் கட்டினான். படகு இறக்க சிமெண்ட் சரிவு, கூடாரங்களுக்கு மேடை, கலர் விளக்கு, செல்ஃபி எடுக்க ஆளுயர இதயம். காஞ்சனா பேனரை மேலிருந்து கீழே இரண்டு முறை பார்த்தாள்.

"சார், பொம்பளைங்களுக்கு பாத்ரூம் இதுல எங்க கீது?"

"பிளான்ல லேதும்மா. ரெண்டாவது பேஸ் வேலைல பாத்துக்கலாம்."

"அதுவரிக்கும் இன்னா பண்றது?"

"இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

இத்தனை நாளும் முள்ளுப் புதர்தான். அதற்குப் பயந்து பொழுதுக்கும் தண்ணீர் குடிக்காமல் இருப்பாள் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? சரி சார் என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

வேலை முடியும் தறுவாயில் அவளே வந்து பதமாகப் பேசினாள். "தொறக்கறதுக்கு முன்னாடி வூட்டுக்காரங்கள கூட்டியாந்து ஒரு நாள் தங்க வைங்க சார். கூடாரம் காத்துல நிக்குதான்னு தெரிஞ்சிடும். போட்டோ எடுத்தா விளம்பரத்துக்கும் ஆச்சு."

யோசனை சுரேஷ்பாபுவுக்குப் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை மனைவி நீரஜாவையும் மாமியாரையும் காரில் அழைத்து வந்தான்.

காஞ்சனா விழுந்து விழுந்து உபசரித்தாள். இறங்கியதும் இளநீர். பிறகு தர்பூசணி. அதன் தலையில் சொம்பு சொம்பாக மோர். "வெயிலு ஜாஸ்திம்மா, குடிங்க." வயிறு நிறைந்ததும் படகில் ஏற்றி, தானே பெடல் மிதித்து அக்கரை வரைக்கும் கொண்டுபோனாள். திரும்பும் வழியில் மாமியார் பேச்சை நிறுத்திவிட்டார். நீரஜா கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காஞ்சனா மட்டும் நாரை எது, கொக்கு எது என்று நிதானமாக விளக்கிக்கொண்டே வந்தாள்.

கரையில் கால் வைத்ததும் நீரஜா கேட்டாள்: "பாத்ரூம் எங்கம்மா?"

"சாரைத்தான் கேக்கணும்மா. அவருக்குத்தான் பிளான் தெரியும்."

இரண்டு பெண்களும் சுரேஷ்பாபுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பேனரைப் பார்த்தான். பேனரில் இதயம்தான் இருந்தது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், தினம் போய்க் கேட்க முடியாத கங்கம்மாள் வீட்டில், அன்றைக்கு மட்டும் பாத்ரூமைத் திறந்துவிடும்படி காஞ்சனா காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள். அதைச் சொல்ல மட்டும் கொஞ்சம் தாமதித்தாள். மாமியார் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்த வேகத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒதுங்கி வழி விட்டன. அன்றிரவு யாரும் கூடாரத்தில் தங்கவில்லை.

காரில் என்ன பேச்சு நடந்ததோ, திங்கட்கிழமை காலையில் கொத்தனார்கள் வந்து இறங்கினார்கள். இரண்டாவது பேஸ் முதலாவதை முந்திக்கொண்டது. கட்டி முடித்த அன்று காஞ்சனா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். வெளியே படகுக்கு ஆள் நின்று கூப்பிட்டும், சும்மாவே கொஞ்ச நேரம் அங்கே நின்றாள். கண் கலங்கியதை அவளே எதிர்பார்க்கவில்லை.

திறப்பு விழாவன்று சுரேஷ்பாபு அவளைத் தனியாக மடக்கினான்.

"வேணும்னே தான பண்ணே?"

"மோரு வேணாம்னு யாரும் சொல்லலியே சார்."

முறைக்கத்தான் பார்த்தான்; சிரிப்பு வந்துவிட்டது. "அத்தம்மா இன்னொரு வாட்டி வரணும்னு சொல்றாங்க," என்றான்.

"வரட்டும் சார்," என்றபடி, கயிற்றை அவிழ்த்துப் படகைப் புதுச் சரிவில் இறக்கப் போனாள் காஞ்சனா.