அமெரிக்க வேகமும் தென்காசி பாசஞ்சரும்

ரயில் எஞ்சின் ஓட்டுகிறவனுக்கு நெருப்பு அடங்கும், தண்ணீர் அடங்கும். பயணிகளின் வாய் மட்டும் அடங்காது. பஸ்ஸோ காரோ மாட்டு வண்டியோ ஓட்டிப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லியா தெரிய வேண்டும்? முப்பதுகளின் கடைசியில் நான் திருநெல்வேலிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே பாசஞ்சர் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சட்டை போட்ட எஞ்சின்

குற்றாலத்துக்குச் சாரல் பார்க்க வந்த ஒரு மெட்ராஸ்காரர் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றைத் தென்காசி ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் அதை வாசித்துத் தமிழில் சொன்னார். நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் நடுவே இரண்டு கம்பெனிகள் அந்தக் காலத்திலிருந்தே போட்டி போட்டு வண்டி விடுகின்றனவாம். இப்போது காற்றைக் கிழித்துப் போக எஞ்சினுக்குத் தகட்டில் சட்டை தைத்து, மூக்கை உருட்டி, ஆள் உயரத்துக்கு மேல் சக்கரம் மாட்டி, மணிக்கு நூறு மைல் ஓட்டுகிறார்களாம். எங்கள் எஞ்சின் சக்கரம் என் நெஞ்சுக்கு வந்தால் அதிகம்.

கரியைக்கூட ஓர் இயந்திரமே அடுப்புக்குள் தள்ளிவிடும் என்றதும் என் பயர்மேன் சுலைமான் கரி அள்ளும் ஷவலைக் கீழே வைத்தான். "அப்ப அந்த ஊரு பயர்மேன் என்ன வேலதான் பாக்கான்? சன்னல் பக்கம் உக்காந்து வேடிக்கை பாக்கானோ?"

ஓடிக்கொண்டே தண்ணீர்

தண்டவாளத்துக்கு நடுவே தொட்டி கட்டி, வண்டி நிற்காமலே தண்ணீரை அள்ளிக்கொண்டு போகும் அதிசயமும் அதில் இருந்தது. செங்கோட்டையில் எங்கள் எஞ்சின் சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பிளாட்பாரத்தில் மங்குஸ்தான் விற்கும் பேச்சியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். கூடையை இடுப்பில் வைத்தபடி முழுவதும் கேட்டாள்.

"தண்ணி குடிக்கக்கூட நிக்காத ரயில்ல நா யாருகிட்ட பழம் விக்க? அந்தப் பொஸ்தகத்த இங்கன கொண்டு வந்துராதீரும்."

பத்து நிமிஷம்

ஒரு நாள் மத்தியானம் அம்பாசமுத்திரத்தில் நர்ஸ் ஞானம்மாள் ஓடி வந்து ஏறினார். தென்காசியில் ஒரு நெசவாளியின் மனைவிக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி. காருக்கு அலைந்தும் கிடைக்கவில்லை. வண்டியின் கார்டு என்னிடம் வந்து, "ஏதாவது செய்ய முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அம்பாசமுத்திரத்திலிருந்து தந்தி பறந்தது. வழி ஸ்டேஷன்களில் நேரத்துக்குக் காத்திருக்காமல் கொடி காட்டினார்கள்.

நான் ஆவியை முழுக்கத் திறந்தேன். சுலைமான் பனியனைக் கழற்றிவிட்டுக் கரி தள்ளினான். வளைவுகளில் எஞ்சின் ஆடியது. பெட்டிகளுக்குள் தூக்குச் சட்டிகள் உருளும் சத்தமும் எங்களைத் திட்டும் சத்தமும் கேட்டன. தென்காசிக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டோம். ஞானம்மாள் குதித்து இறங்கி ஜட்கா வண்டிக்கு ஓடினார்.

மறுநாள் என் வண்டியிலேயே ஊர் திரும்ப வந்த ஞானம்மாளிடம், "நம்ம வேகம் எப்படி?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு உங்களவிட அவசரம் அண்ணாச்சி, நா போகுமுன்னயே பொறந்துட்டு. தாய்க்குத்தான் ரத்தம் நிக்கல. இன்னும் பத்து நிமிஷம் பிந்தியிருந்தா அவ இல்ல."

விளக்கம்

அடுத்த வாரம் ரயில்வே இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்ன அமெரிக்க ரயில் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அனுமதித்த வேகத்தை மீறியது ஏன் என்று எழுதித் தரச் சொன்னார். நெசவாளி மனைவியின் கதையை ஒரு பக்கம் எழுதினேன். நிதானமாகப் படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வாரம் வண்டி ஓட்டாமல் எஞ்சின் ஷெட்டில் நிற்கும்படி உத்தரவு எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"தாயும் பிள்ளையும் சௌக்கியமா இருக்கட்டும். அமெரிக்காவுக்கு மாற்றல் வேணும்னா தனியா ஒரு மனு கொடும், மேல அனுப்புதேன்."

முப்பது வருஷ சர்வீஸில் தாமதமாக வந்ததற்கு ஒருவரும் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டதில்லை. சீக்கிரம் வந்த அந்த ஒரே ஒரு நாளுக்குத்தான் கேட்டார்கள்.